ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு உளவியலில் எது கைகொடுக்கும்? (விவாத இழை)

மணலி பி-ஷிஃப்ட்

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் நன்றாக வேலை தெரிந்த ஃபிட்டரையோ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரையோ திடீரென்று ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்கிவிடுகிறார்கள். கூடவே இரண்டு நாள் லீடர்ஷிப் டிரெய்னிங். அங்கே மனிதத் தேவைகளை அடுக்கிக்காட்டும் மாஸ்லோ முக்கோணம், ஆளை வகைப்படுத்தும் நாலெழுத்து ஆளுமைத் தேர்வு (எம்பிடிஐ), எப்படி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற பாடம். திங்கட்கிழமை காலை 6 மணிக்கு 14 பேர் எதிரில் நிற்கும்போது இவற்றில் ஒன்றும் கைக்கு வராது. 10 முதல் 20 பேரை வைத்து வேலை நடத்துகிறவர் உளவியலில் இருந்து எதை எடுக்கலாம், எப்படிச் செய்வது, எங்கே சொதப்பும் என்பதை இங்கே சேர்ப்போம். நாளைக் காலையிலேயே செய்துபார்க்கக்கூடியதாக எழுதுங்கள்.

நான் முதலில் வைப்பது, கெட்ட செய்தி வந்து சேரும் அந்த அரை நிமிடம். "அண்ணா, ரேக் கால்ல ஃபோர்க் இடிச்சிடுச்சு" என்று ஒருவர் வந்து நிற்கிறார். அப்போது இன்சார்ஜ் வாயிலிருந்து வரும் முதல் கேள்வியை அங்கே இருக்கும் எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். "எவன்டா அது?" என்று ஆரம்பித்தால், அடுத்த முறை வளைந்த காலின் மேல் மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். அந்தக் காலை நம்பி மேலே டன் கணக்கில் சரக்கு நிற்கும்.

யாருக்காவது அடிபட்டதா என்பது முதல் கேள்வி. இப்போது அந்த இடம் எப்படி இருக்கிறது என்பது இரண்டாவது. பிறகு, "வந்து சொன்னே பாரு, அது நல்லது. வா, போய்ப் பார்ப்போம்." அந்த ரேக்கில் இருக்கும் சரக்கை இறக்கி, சுற்றிக் கயிறு கட்டி, ஆள் அண்டாமல் செய்த பிறகுதான் "எப்படி நடந்தது?" என்று கேட்க வேண்டும். யார் என்பது பெரும்பாலும் கேட்காமலே வந்துவிடும்.

ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறுகள் குறைவாகப் பதிவாகும் என்று எதிர்பார்த்தார், அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் சொல்கிறார்கள் என்பதுதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். 1999இல் குழுவின் உளவியல் பாதுகாப்பு என்ற கருத்தாக இதை விரிவாக எழுதினார். ஆகவே உங்கள் ஷிஃப்ட்டில் நியர் மிஸ் (விபத்தாகாமல் மயிரிழையில் தப்பியது) பதிவேடு மாதக்கணக்கில் காலியாக இருந்தால் நிம்மதி அடையாதீர்கள். அது காலியாக இருக்க வழியே இல்லை.

இன்னொன்று. சொன்ன விஷயத்துக்கு அடுத்த ஷிஃப்ட்டுக்குள் ஏதாவது ஒரு பதில் போக வேண்டும். "பலகை மாற்றச் சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வரும்" என்றாலும் பதில்தான். பதிலே வராத புகார் இரண்டு போனால் மூன்றாவது வராது.

பெரம்பூர் ஃபிட்டர்

> யார் என்பது பெரும்பாலும் கேட்காமலே வந்துவிடும்

வாயால் தள்ளிப்போடுவது நல்லதுதான். ஆனால் மனசுக்குள் தீர்ப்பு அதற்குள் எழுதி முடிந்திருக்கும்: "இவன் எப்பவுமே இப்படித்தான்." அடுத்தவர் செய்த தவறுக்கு அவருடைய குணத்தைக் காரணமாகப் பார்ப்போம், நாம் செய்த தவறுக்கு மட்டும் வெயில், மெஷின், முந்தின ஷிஃப்ட் என்று சூழ்நிலையைப் பார்ப்போம். சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தைப் பிடித்துக்கொள்ளும் இந்தச் சாய்வுக்கு உளவியலாளர் லீ ராஸ் 1977இல் அடிப்படைக் காரணங்காண் பிழை என்று பெயர் வைத்தார். படித்துத் தெரிந்துகொண்டதால் மட்டும் இது போகாது. கையில் ஒரு வழிமுறை வேண்டும்.

இன்னொரு உளவியலாளர் ஹரால்ட் கெல்லி 1967இல் சொன்ன மூன்று கேள்விகள் வேலை இடத்தில் நன்றாக நிற்கின்றன. கண்டெய்னரில் மூட்டை இறக்கும்போது ஒருவர் பின்தங்குகிறார் என்று வையுங்கள். அதே வேலையில் மற்றவர்களும் பின்தங்குகிறார்களா? அவர் வேறு வேலைகளிலும் பின்தங்குகிறாரா? இந்த வேலையில் அவர் எல்லா நாளும் இப்படியா, சில நேரம் மட்டுமா? மற்றவர்களும் பின்தங்கினால் வேலையின் அமைப்பைப் பாருங்கள். மே மாதம் மதியம் 2 மணிக்கு மூடிய இரும்புப் பெட்டிக்குள் எவர் இறங்கினாலும் வேகம் குறையும். அங்கே தேவைப்படுவது பெடஸ்டல் ஃபேன், தண்ணீர், 20 நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வெளியே ஆள் மாற்றுவது. மற்றவர்கள் சரியாகச் செய்கிறார்கள், இவர் இதில் மட்டும் தடுமாறுகிறார் என்றால் பழக்கிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை மட்டும் இப்படி என்றால் திங்கட்கிழமை இரவு அவர் எங்கே இருந்தார் என்று கேளுங்கள். வேறு இடத்தில் இன்னொரு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்திருக்கலாம். எல்லா வேலையிலும், எல்லா நாளும், மற்றவர்கள் யாரும் தடுமாறாத இடத்தில் தடுமாறுகிறார் என்று தெரிந்த பிறகுதான் ஆளைப் பற்றிப் பேச வேண்டும்.

விபத்து விசாரணையிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. மனிதத் தவறுகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் ரீசனைப் படித்தவர்கள் மாற்று ஆள் சோதனை என்பார்கள். அதே பயிற்சி உள்ள இன்னொருவரை அதே இடத்தில், அதே அவசரத்தில் நிறுத்தினால் அவரும் இதையேதான் செய்திருப்பாரா? ஆம் என்றால் மெமோ கொடுத்துப் பயன் கிடையாது. தெரிந்தே பாதுகாப்பு ஸ்விட்சைக் கட்டிவைத்து மெஷினை ஓட்டியவருக்கு மட்டும் நடவடிக்கை எடுங்கள். எடுத்தே ஆக வேண்டும். உளவியல் பாதுகாப்பு என்றால் எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று நினைக்கிறவர்கள் நல்ல வேலைக்காரர்களை முதலில் இழப்பார்கள்.

எம்.சி.ரோடு மேகலா

தொழிற்சாலை பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் துணிக்கடை. ஒரு மாடியில் 18 பெண்பிள்ளைகள், ஒரு ஃப்ளோர் சூப்பர்வைசர். இங்கே பிரச்சினை பின்னூட்டம், அதாவது தப்பை எப்படிச் சொல்வது என்பது.

டிரெய்னிங்கில் எல்லாரும் சொல்லிக்கொடுப்பது, முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் பாராட்டு. தயவுசெய்து இதை விடுங்கள். ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளைக்கு முறை தெரிந்துவிடும். "நல்லா பண்றே" என்று நீங்கள் ஆரம்பித்த உடனே அடுத்து வரப்போவதற்கு முகம் இறுகும். அதன்பிறகு உண்மையான பாராட்டையும் நம்ப மாட்டாள்.

குளூகர், டெனிசி இருவரும் 1996இல் பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளை மொத்தமாகத் திரட்டினார்கள், 607 அளவீடுகள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் வேலையை மேம்படுத்தியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் வேலை முன்னைவிட மோசமாகிவிட்டது! பேச்சு வேலையை விட்டு ஆளின் மதிப்பைத் தொடும்போது கவனம் அங்கே போய்விடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "நீ கவனமே இல்லாதவ" என்றால் அன்று முழுக்க அவள் யோசிப்பது உங்களைப் பற்றி. "அந்த அம்மா மூணு முறை சைஸ் கேட்டாங்க, நீ மடிச்சுட்டே பதில் சொன்னே, அவங்க பக்கத்து கவுன்ட்டருக்குப் போயிட்டாங்க" என்றால் யோசிப்பது வேலையைப் பற்றி.

செய்யும் முறை: அதே நாள், கூட்டம் குறைந்த நேரம், ஸ்டாக் ரூம் வாசலில், இரண்டு நிமிடம். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள், அதனால் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள், "அந்த நேரத்துல உனக்கு என்ன சிக்கல்?" என்று கேட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டம். பத்து விநாடி அமைதியைத் தாங்க முடியாமல் நாமே பதிலையும் சொல்லிவிடுவோம். அடுத்து என்ன செய்வது என்று அவள் வாயாலேயே வரட்டும். ஒரு சந்திப்பில் ஒரு விஷயம் மட்டும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் புதிதாக எதையும் திருத்தப் போகாதீர்கள், பணம் எண்ணுவதிலும் பில்லிலும் வரும் தவறைத் தவிர.

இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். பல கடைகளில் ஸ்டூல் வந்துவிட்டது, உட்காருகிற ஆள் இல்லை. யாராவது உட்கார்ந்தால் சூப்பர்வைசர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார், அது போதும். சுவரில் ஒட்டிய விதியைவிட மேலே இருப்பவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் ஆட்கள் படிக்கிறார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் சூப்பர்வைசரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் நிற்பவளையும் பெயர் சொல்லி உட்காரச் சொல்ல வேண்டும். ஒரு வாரமாவது தினமும். பிறகு தானாக நடக்கும்.

எண்ணூர்த் தோழன்

எல்லாம் நல்ல பேச்சு. ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிருக்கிறது. யார்டில் பாதிக்கு மேல் காண்ட்ராக்ட் ஆட்கள். "பயப்படாம சொல்லு" என்று இன்சார்ஜ் சொல்வார். சாயங்காலம் காண்ட்ராக்டர் போன் போட்டு "நாளைலேர்ந்து வேற சைட்டுக்குப் போ" என்பார். அங்கே பயம் மனசுக்குள் இருக்கும் கோளாறு கிடையாது, சரியான கணக்கு. காப்பாற்ற முடியாத ஆளைப் பேசவைப்பது அவருக்குச் செய்யும் துரோகம்.

இந்த வட்டாரம் இதை நூறு வருஷத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாட்டிக் மில் தொழிலாளர்கள் 1918இல் தொடங்கிய மெட்ராஸ் லேபர் யூனியனில் திரண்டது, தனித்தனியாகப் பேசினால் பேசியவன்தான் வெளியே போவான் என்று தெரிந்ததால்தான். உளவியல் தெரிந்த இன்சார்ஜ் அந்த அனுபவத்துக்கு எதிராகப் போகக் கூடாது. கூலி பாக்கி, கிழிந்த கையுறை, இஎஸ்ஐ அட்டை வராதது, இவற்றை வைத்துக்கொண்டு "மோட்டிவேஷன்" வகுப்பு எடுத்தால் ஆட்கள் சிரிக்க மாட்டார்கள், மறுபடி காது கொடுக்க மாட்டார்கள். உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959இல் பிரித்துச் சொன்னது இதைத்தான்: கூலி, பணியிட நிலைமை, மேற்பார்வை சரியாக இல்லாவிட்டால் அதிருப்தி வரும், அதைப் பாராட்டை வைத்து மூட முடியாது. அவருடைய ஆய்வு முறையைக் குறைசொன்னவர்கள் நிறைய உண்டு. ஆனாலும் வரிசையாவது சரி: முதலில் கையுறை, பிறகு கைதட்டல்.

ஆகவே நடைமுறையில் இன்சார்ஜ் இரண்டு விஷயம் செய்யலாம். ஒன்று, நியர் மிஸ் சீட்டில் ஆள் பெயருக்கான கட்டத்தையே எடுத்துவிடுவது. இடம், நேரம், என்ன நடந்தது, இது மட்டும். சொன்னவரை அதற்காக மாற்றக் கூடாது என்று மேனேஜரும் காண்ட்ராக்டரும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்து வராவிட்டால், ஆட்களிடம் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இரண்டு, எதைத் தன்னால் முடிவெடுக்க முடியும், எதை மேலே கொண்டுபோக முடியும், எது தன் கையில் இல்லவே இல்லை என்று பிரித்து வைத்துக்கொண்டு, கேட்கும்போது எந்த வகை என்று அங்கேயே சொல்வது. "பார்க்கலாம்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள்.

மணலி பி-ஷிஃப்ட்

தோழர் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். எழுத்து வராத இடத்தில் பேசச் சொல்லக் கூடாது என்பதை என் முதல் பதிவோடு சேர்த்தே படியுங்கள்.

கையில் இல்லாத கெட்ட முடிவைக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டியவரும் இன்சார்ஜ்தானே. ஓவர்டைம் குறைப்பு, ஷிஃப்ட் மாற்றம் மாதிரி. இதற்கு ஜெரல்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வு நேரடியாகப் பொருந்தும். ஒரு நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் 10 வாரத்துக்கு 15 சதவீதச் சம்பளக் குறைப்பு. ஒன்றில் காரணத்தை விளக்கமாக, வருத்தத்தோடு, கேள்விகளுக்குப் பதில் சொல்லி அறிவித்தார்கள். இன்னொன்றில் சுருக்கமாக முடித்துவிட்டார்கள். குறைப்பு ஒன்றுதான். ஆனால் சுருக்கமாக முடித்த ஆலையில் திருட்டும், வேலையை விட்டுப் போவதும் தெளிவாக அதிகம்.

எனவே அறிவிப்பை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு மறையக் கூடாது. ஷிஃப்ட் தொடங்கும்போது நேரில் சொல்லுங்கள். என்ன முடிவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன காரணம், யார் எடுத்தது, உங்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும் என்பது. பிறகு கேள்விகளுக்கு அரைமணி நேரம் நில்லுங்கள். தெரியாத கேள்வியை எல்லார் முன்னாலும் எழுதிக்கொண்டு, பதில் எப்போது கொண்டுவருவேன் என்று நாள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை உளவியல் முதுகலை

முதல் பதிவில் வந்த டிரெய்னிங் சரக்கைப் பற்றிச் சுருக்கமாக. நெஞ்சை நிமிர்த்தி இரண்டு நிமிடம் நின்றால் ஹார்மோன் மாறும் என்ற 2010 ஆய்வைப் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அது நிற்கவில்லை. அதை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே 2016இல் இனி இதை நம்பவில்லை என்று அறிவித்தார். மன உறுதி பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் என்ற கருத்தை 2016இல் 20க்கும் மேற்பட்ட ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து சோதித்தன. விளைவு ஏறக்குறைய இல்லை என்று வந்தது. நாலெழுத்துத் தேர்வைச் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு எழுத்து மாறிவிடும். அதை வைத்து ஆளுக்கு வேலை பிரிக்காதீர்கள்.

வலுவாக நிற்பவற்றில் முதலிடம் இலக்கு பற்றிய லாக், லேதம் ஆய்வுகளுக்கு. "முடிஞ்ச அளவு பண்ணுங்க" என்பதைவிட, குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்கு நல்ல பலன் தருகிறது. ஆனால் இரண்டு நிபந்தனை. ஆள் அந்த இலக்கை ஏற்றிருக்க வேண்டும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று அவருக்கு இடையிடையே தெரிய வேண்டும். 8 மணி நேரம் கழித்து எண்ணிக்கை சொல்வதைவிட, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பலகையில் எழுதுவது மேல்.

இது எங்கே கெடும் என்றால், புதியவரிடம். கான்ஃபர், அக்கர்மன் 1989இல் அமெரிக்க விமானப்படைப் பயிற்சியாளர்களை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற ஒரு வேலையில் வைத்துப் பார்த்தார்கள். கற்கும் ஆரம்பக் கட்டத்திலேயே எண்ணிக்கை இலக்கு கொடுத்தபோது வேலை கெட்டது. கற்கவே முழுக் கவனமும் தேவைப்படும் நேரத்தில் இலக்கு அதில் பாதியைத் தின்றுவிடுகிறது. எனவே புதிதாக வந்த டாலி கிளார்க்குக்கு (சரக்கை எண்ணிக் குறிப்பவர்) முதல் இரண்டு வாரம் "மணிக்கு இத்தனை" கூடாது. "சீல் எண்ணில் தப்பு வரும் மூன்று வழியைக் கண்டுபிடி" என்பது மாதிரி கற்றல் இலக்கு கொடுங்கள்.

இரண்டாவது, கண்ணில் தெரியும் செயலை எண்ணிக் காட்டுவது. ஜூடித் கோமாகி குழுவினர் 1978இல் ஒரு உணவுத் தொழிற்சாலையின் இரண்டு பிரிவுகளில் பாதுகாப்பான செயல்களைப் பட்டியலிட்டு, எண்ணி, வரைபடமாக மாட்டினார்கள். 70, 78 சதவீதமாக இருந்தது 96, 99 ஆனது. நிறுத்தியதும் 71, 72க்கு இறங்கிவிட்டது. இந்த இறக்கத்தை யாரும் சொல்வதில்லை, ஆனால் அதுதான் பாடம். பழக்கம் ஆளுக்குள் போய்விட்டது என்று நினைத்துப் பலகையைக் கழற்றாதீர்கள்.

பட்டியலில் 10 செயல் போதும். "கவனமாக இருத்தல்" என்பது செயல் கிடையாது. "ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது ஹார்ன் அடித்தார்", "கண்டெய்னர் கதவைத் திறக்கும்போது பக்கவாட்டில் நின்றார்" என்பவை செயல். ஆம், இல்லை என்று மட்டும் குறிக்க முடிய வேண்டும். நாளுக்கு ஒருமுறை, வெவ்வேறு நேரத்தில், 20 நிமிடம் பாருங்கள். பலகையில் குழுவின் சதவீதம் மட்டும் போகட்டும், ஆள் பெயர் வேண்டாம்.

பெரம்பூர் ஃபிட்டர்

பலகை என்று வந்தால் எண்ணைச் சமைப்பதும், அதாவது பொய்க் கணக்கு காட்டுவதும், கூடவே வரும். அதற்கு இரண்டு வாசல்தான். சதவீதத்தைப் போனஸோடு கட்டினால் சமைப்பார்கள். பார்க்கிற ஆள் எப்போதும் ஒரே ஆளாக இருந்தால், அவர் வரும் நேரம் தெரிந்து ஹார்ன் அடிப்பார்கள். பணத்தைத் தொடாதீர்கள், பார்க்கும் வேலையை ஆட்களிடமே வாரம் ஒருவராகச் சுற்றிவிடுங்கள். பார்க்கிறவருக்கும் அதில் லாபம் உண்டு: அடுத்தவர் ஹார்ன் அடிக்கிறாரா என்று ஒரு வாரம் எண்ணியவர் பிறகு தானும் அடிப்பார்.

விபத்தில்லாத நாட்கள் இத்தனை என்று வாசல் கேட் பக்கத்தில் எண் போட்டு, அதற்குப் பரிசும் வைக்கிறார்களே, அதை முடிந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். 200வது நாளில் விரல் நசுங்கியவரை, மற்ற 13 பேரும் சேர்ந்து வாயை மூடச் சொல்வார்கள்.

காசிமேடு

படகுப் பக்கத்துலேர்ந்து ரெண்டு விஷயம். எட்டு பத்து பேர் போற விசைப்படகுல ஸ்ராங்குதான் தலைவர். இங்க ஆள் கூடக்கூட ஒவ்வொருத்தர் இழுப்பும் குறையுங்கறது எல்லாருக்கும் தெரியும். பிரான்சுல ரிங்கல்மான்னு ஒரு விவசாயப் பொறியாளர் கயிறு இழுக்க வெச்சு இதை அளந்தே காட்டியிருக்காரு. பாதி காரணம், எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்காதது. மீதி, 1979ல லட்டானேயும் கூட இருந்தவங்களும் காட்டினது: தன் பங்கு தனியாத் தெரியலைன்னா உழைப்பு தளரும். திட்டறதால இது சரியாகாது. வலை வாங்கற இடம், ஐஸ் போடற இடம், தரம் பிரிக்கற இடம்னு ஆளுக்கு ஒரு இடம் பேர் சொல்லிக் கொடுத்துட்டா பாதி சரியாயிடும். "யாராவது அந்தக் கயித்தப் பாருங்கடா"ன்னு சொன்னா யாருமே பாக்க மாட்டாங்க. ஒருத்தர் பேரச் சொல்லணும்.

ரெண்டாவது. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். முடிஞ்சு மொதல்ல கடலுக்குப் போறதுக்கு முன்னாடி, கேரி க்ளைன் 2007ல எழுதின முன்கூட்டிய பிரேதப் பரிசோதனைய செய்யலாம். பேரு ஒரு மாதிரி இருந்தாலும் வேலை சுலபம். "மூணாவது நாள் நடுக்கடல்ல இன்ஜின் நின்னுபோச்சு, நின்னது நின்னதுதான்னு வெச்சுக்குங்க. ஏன் நின்னுது?"ன்னு கேக்கணும். "ஏதாவது பிரச்சினை வருமா?"ன்னு கேட்டா "வராதுண்ணே"ன்னுதான் பதில் வரும். ஏற்கனவே நடந்துபோச்சுன்னு சொல்லிட்டா டீசல் ஃபில்டர், பழைய பேட்டரி, கூலிங் பைப்புன்னு ஒவ்வொண்ணா வரும். ஆளுக்கு ஒரு காரணம் கட்டாயம். வயசுல சின்னவன் மொதல்ல சொல்லணும், ஸ்ராங்கு கடைசியில. பெரியவர் மொதல்ல பேசிட்டா மத்தவங்க அதையே சுத்திச் சுத்திச் சொல்லுவாங்க. சாலமன் ஆஷ் 1950கள்ல, கூட இருக்கறவங்களை வேணும்னே தப்பான பதில் சொல்ல வெச்சு செஞ்ச சோதனையில, கூட ஒரே ஒருத்தர் மாத்திச் சொன்னாலும் கூட்டத்தோட ஒத்துப்போறது வெகுவாக் குறைஞ்சுது. அந்த மொத ஆள் சின்னவனா இருக்கட்டும். மொத்தமே 15 நிமிஷம்.

மாதவரம் குடோன்

ஒடிசா, பீகார், அசாம் ஆட்கள் இருக்கும் இடங்களுக்கு ஒரு சேர்க்கை. "சமஜ் கயா?" (புரிஞ்சுதா?) என்று கேட்காதீர்கள். "ஹான்" (ஆமா) என்ற பதில் மரியாதைக்கு வருவது. "செய்து காட்டு" என்று கேளுங்கள். காட்டும்போது தப்பு வந்தால், "நான் சரியாச் சொல்லலை, இன்னொரு தடவை" என்று பொறுப்பைச் சொன்னவர் எடுத்துக்கொண்டால் அடுத்த ஆள் தயங்காமல் காட்டுவார்.

எந்த இன்சார்ஜுக்கும் தனக்கு நெருக்கமான நாலு பேர், தள்ளி நிற்கும் மற்றவர்கள் என்று தானாகப் பிரிந்துவிடும். ஜார்ஜ் கிரேன் 1970களில் இருந்து எழுதியது இதைத்தான். நெருக்கமானவர்களுக்கு நல்ல வேலை, தகவல், கொஞ்சம் விட்டுக்கொடுத்தல், மற்றவர்களுக்கு உத்தரவு. மொழி வேறு என்றால் பிரிவு இன்னும் கெட்டியாகும். சனிக்கிழமை ஷிஃப்ட் பட்டியலை எடுத்து, இந்த வாரம் உத்தரவைத் தவிர வேறு ஒரு வார்த்தையாவது யாரிடம் பேசினோம் என்று டிக் செய்து பாருங்கள். டிக் இல்லாத பெயர்கள்தான் அடுத்த வாரத்து வேலை. கஷ்டமான வேலையை, கண்டெய்னர் உள்ளே இறங்குவது மாதிரி, ரோஸ்டர் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். உங்கள் நல்ல மனதை நம்பி விடாதீர்கள், பட்டியலை நம்புங்கள்.

புது இன்சார்ஜ் திருவொற்றியூர்

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். வயதில் மூத்தவர்கள், நேற்று வரை ஒன்றாக டீ குடித்தவர்கள். அவர்களுக்கு மேலே போட்டால் எப்படி நடந்துகொள்வது? கண்டிப்பா, தோழமையா?

மணலி பி-ஷிஃப்ட்

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை தம்பி. பாட்னாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜே.பி.பி. சின்ஹா 1980இல் இந்தியப் பணியிடங்களை வைத்து எழுதியது உங்கள் கேள்விக்கே பதில். பேணிக்காத்து வேலை வாங்கும் தலைவர் என்று சொல்லலாம். அக்கறை நிறைய உண்டு, ஆனால் அந்த அக்கறை வேலையோடு கட்டப்பட்டது. ஆள் தேறத் தேற, முடிவுகளில் அவருக்குப் பங்கு கூடிக்கொண்டே போக வேண்டும். அக்கறை மட்டும் இருந்து வேலை எதிர்பார்ப்பு இல்லாவிட்டால் சலுகை கேட்கும் வரிசை நீளும்.

முதல் வாரத்தில் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்து நிமிடம். மூத்தவரிடம் முதலில். "அண்ணே" என்பதை மாற்றாதீர்கள், எல்லார் முன்னாலும் அப்படியே கூப்பிடுங்கள். கேட்க வேண்டியது: இந்த ஷிஃப்ட்டில் மாறவே கூடாதது எது, உங்கள் நேரத்தை அதிகம் வீணாக்குவது எது, என்னிடம் இருந்து என்ன வேண்டும். முடிவில் உங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுங்கள்: "வேலைல நான் சொல்றது உங்களுக்குத் தப்பாத் தெரிஞ்சா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, நான் கேப்பேன். ஆனா ஆட்கள் முன்னாடி ஒரே முடிவாப் போகணும்." கேட்ட மூன்றில் ஒன்றையாவது பத்து நாளுக்குள் செய்து காட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பத்து நிமிடம் சும்மா நடிப்பு ஆகிவிடும்.

எம்.சி.ரோடு மேகலா

தம்பி, ஒரு சின்ன சேர்க்கை. மூத்தவர் எல்லார் முன்னாலும் எதிர்த்துப் பேசும் நாள் வரும். அன்றைக்கு என்ன செய்வது என்று அன்றைக்கு யோசிக்க முடியாது. பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய "இப்படி ஆனால், இப்படிச் செய்வேன்" முறையை இன்றே பயன்படுத்துங்கள். "பொறுமையாக இருப்பேன்" என்பது வெறும் ஆசை. "அவர் குரலை உயர்த்தினால், நான் அவர் பக்கத்தில் போய் நின்று, 'அண்ணே, இந்த லோடு போகட்டும், 11 மணிக்குப் பேசலாம்' என்று சொல்வேன்" என்பது திட்டம். எதிரே நிற்காமல் பக்கத்தில் நிற்பதும், மணியைச் சொல்வதும் முக்கியம். சொன்ன மணிக்கு நீங்களே அவரைத் தேடிப் போக வேண்டும். ஒரு சமயத்தில் இரண்டு திட்டம் போதும். பத்து எழுதிவைத்தால் ஒன்றும் வராது.

பெரம்பூர் ஃபிட்டர்

இரவு ஷிஃப்ட் பற்றி யாரும் பேசவில்லை. வில்லியம்சன், ஃபேயர் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்பாடு, சில சோதனைகளில், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவருக்குச் சமம் அல்லது அதைவிட மோசம். பகலில் தூங்காமல் இரவு ஷிஃப்ட்டுக்கு வந்தவர் விடியற்காலையில் அந்த நிலையில்தான் இருப்பார். இன்சார்ஜும்தான். எனவே 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் யாரையும் கூப்பிட்டுத் திருத்தாதீர்கள், மெமோ எழுதாதீர்கள். உயரத்தில் செய்யும் வேலையையும் ரிவர்ஸ் எடுப்பதையும் முடிந்தவரை 2 மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். வந்தவுடன் "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?" என்று எல்லாரையும் கேட்பது அவமானப்படுத்துவது ஆகாது, தலைக்கவசம் பார்ப்பது மாதிரி வழக்கமாக்கிவிட்டால்.

புது இன்சார்ஜ் திருவொற்றியூர்

புரிந்தது அண்ணா. ஷிஃப்ட் மாறும்போது கைமாற்றும் நோட்டில் என்ன எழுத வேண்டும்? இப்போது "எல்லாம் நார்மல்" என்று மட்டும் எழுதுகிறார்கள்.

மணலி பி-ஷிஃப்ட்

"நார்மல்" என்ற சொல்லுக்கு இடமே தராத மாதிரி கோடு போடுங்கள். ஒரு பக்கத்தில் நாலு கட்டம்: ஒன்று, பாதியில் நிற்கும் வேலை எது, எந்த இடத்தில் நிற்கிறது; இரண்டு, இன்று வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தது எது; மூன்று, ஆட்கள் சொன்னதில் பதில் பாக்கி எது, யார் தர வேண்டும், எந்தத் தேதிக்குள்; நாலு, அடுத்த ஷிஃப்ட்டில் உடம்பு சரியில்லாதவரோ புதியவரோ யார். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்து வாங்காதீர்கள். எட்டு மணி நேரத்தில் ஒன்றாவது மாறியிருக்கும், ஒரு டயரில் காற்று குறைந்ததாவது. எழுதியதை வருகிறவர் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லட்டும், இரண்டு பேரும் பாதியில் நிற்கும் வேலை அருகிலேயே நின்று. 10 நிமிடம் ஆகும். அந்த 10 நிமிடத்துக்குக் கூலி உண்டா என்று தோழர் கேட்பார், நியாயம்தான். மேனேஜரிடம் முதலில் அதை வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

எண்ணூர்த் தோழன்

கேட்கத்தான் வந்தேன். எழுத்தில் வாங்குங்கள்.